தறியையும் தாய்வழிச் சமூகத்தையும் வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளைகளிடம் இறுதியாண்டு வேலைக்கு என்ன எடுத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், மேகாலயாவின் காசி பழங்குடி நெசவு என்று பதில் வருவதுண்டு. எனக்கு அதில் சந்தோஷம்தான். குகை, அம்மாப்பேட்டை என்ற சேலத்து நெசவாளர் பகுதிகளில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள், அம்மா வழியில் குலம் எண்ணும் இன்னொரு நெசவு நிலத்தைத் தேடிப் போகிறார்கள். ஆனால் போஸ்டர், புத்தக அட்டை, கண்காட்சிப் பலகை என்று வேலை முடிந்து வரும்போது சில தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன.

பெரிய தவறு, தாய்வழி என்றால் அங்கே பெண்கள்தான் ஆள்கிறார்கள் என்று நினைப்பது. நடுவில் அம்மன் போல ஒரு பெண், அவள் கூந்தலே நூலாகி நாலா பக்கமும் ஓடும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அந்தச் சமூகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. காசி மக்களிடம் பிள்ளைகள் அம்மாவின் குலத்தைச் சேர்ந்தவர்கள். பூர்விக வீடு வழக்கப்படி கடைசி மகளுக்குப் போகிறது. அதோடு பெற்றோரை வைத்துப் பார்ப்பதும் குடும்பச் சடங்குகளைக் காப்பதும் அவள் தலையில் விழுகின்றன. குடும்ப விவகாரங்களில் தாய்மாமன் சொல்லுக்கு எடை அதிகம். ஊர்ச்சபையில் பரம்பரையாக உட்கார்ந்து பேசியவர்கள் ஆண்கள். வீடு ஒருவர் கையில், சபைப் பேச்சு இன்னொருவர் கையில். வரைய வேண்டிய இடம் இதுதான். தாய்மாமன் சீரும் முறையும் தெரிந்த நம் பிள்ளைகள் அந்த மாமனைப் படத்தில் விட்டுவிடுவதுதான் எனக்கு ஆச்சரியம்.

இந்த முறையை மாறாத பழமையாகக் காட்டுவதும் சரியல்ல. தந்தைவழிக்கு மாற வேண்டும் என்று ஷில்லாங்கில் 1990-லேயே காசி ஆண்கள் ஒரு அமைப்பு தொடங்கினார்கள். கேரளத்தில் மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறையில் வாழ்ந்த கூட்டுக் குடும்பங்களை 1975-ஆம் ஆண்டுச் சட்டம் முடித்துவைத்தது. மங்கிய பழுப்பு நிறம் பூசி, மண்குடம் வைத்து வரைந்தால் இந்த வாதமெல்லாம் மறைந்துபோகும்.

அடுத்து துணி. ரி-போய் மாவட்டத்துப் பெண்கள் நூற்று நெய்யும் ரின்டியா, ‘எரி’ என்ற வகைப் பட்டுப்புழுவின் கூட்டிலிருந்து வரும் எரிப்பட்டுச் சால்வை. பட்டு என்றதும் நம் கண் வெண்பட்டுக்குப் பழகியிருப்பதால் கணினியில் பளபளப்பை ஏற்றிவிடுகிறோம். சேலம் வெண்பட்டு மல்பெரிப் பட்டு. கூட்டிலிருந்து அறுபடாத இழையாக இழுப்பதால் அந்த மினுமினுப்பு வருகிறது. எரிக்கூடு ஒரு முனை திறந்தது. அதிலிருந்து அப்படி இழுக்க முடியாது, பஞ்சு போல நூற்க வேண்டும். அதனால் நூல் கொஞ்சம் தடித்து, மேடுபள்ளமாக, மங்கலாக, கதகதப்பாக இருக்கும். அந்தச் சொரசொரப்பை அழித்துவிட்டால் ரின்டியாவே இல்லை. சிவப்புக்கு அரக்கு, மஞ்சளுக்கு மஞ்சள் கிழங்கு என்று சாயத்துக்கும் ஒரு அடக்கம் உண்டு. திரையில் கிடைக்கிற அதிகபட்ச சிவப்பை வைக்காதீர்கள்.

கூடவே ‘உயிர்க்கொலை இல்லாத பட்டு’ என்று ஒரு வாசகம் போடுவார்கள். அந்துப்பூச்சி வெளியேறிய கூட்டிலும் நூற்கலாம் என்பது உண்மை. ஆனால் அசாமிலும் மேகாலயாவிலும் எரிக்கூட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அந்த ஊர்ச் சாப்பாட்டை மறைத்துவிட்டு நாம் எழுதும் வாசகம் யாருக்காக? எரிப்புழு ஆமணக்கு இலை தின்னும், மரவள்ளி இலையும் தின்னும். ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசிக்காக நிற்கும் அதே மரவள்ளிதான். இரண்டு ஊருக்கும் பாலம் வேண்டுமென்றால் அந்த இலையை வரையலாம்.

தறியைப் பார்க்காமல் வடிவம் போடுவது இன்னொன்று. ஜக்கார்டு என்ற பூவேலைக் கருவி ஏற்றிய தறியில் மாங்காய், மயில், கொடி எல்லாம் வரும். ரின்டியாவின் அழகு பெரும்பாலும் கட்டத்திலும் கோட்டிலும் கரையிலும் இருக்கிறது. அதன்மேல் மயிலை ஏற்றினால் அது வேறு ஊர்த் துணி. எந்தத் தறியானாலும் பாவும் (நீள இழை) ஊடையும் (குறுக்கு இழை) நேர்க்கோடுகள்தான், வளைவு என்பது படிப்படியாகத்தான் வரும். முதலில் வரைபடத் தாளில், ஒரு கட்டம் ஒரு இழை என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் எது நெய்ய முடியாதது என்று தெரிந்துவிடும்.

நாகாலாந்துப் பழங்குடிகளான நாகர்களின் சால்வைக் கறுப்புச் சிவப்பை எடுத்து காசிப் பெண்ணுக்குப் போர்த்துவதும் நடக்கிறது. நாகர்கள் தந்தைவழியினர். மேகாலயாவின் இன்னொரு பழங்குடியான காரோ மக்கள் தாய்வழியினர்தான், ஆனால் மொழியும் துணியும் வேறு.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது ஏற்காட்டில் நடப்பது. மேகாலயா போக முடியவில்லை என்று, சேர்வராயன் மலைக் கிராமத்துப் பாட்டிகளைப் படம் எடுத்து ‘மலைப்பெண்’ என்று போஸ்டரில் வைக்கிறார்கள். அங்கே வாழும் மலையாளிகள் என்ற பழங்குடியினர் கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசுபவர்கள், தந்தைவழிக் குடும்பத்தினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத் தங்களுக்கென்று ஒரு கதை வைத்திருப்பவர்கள். இன்னொரு மக்களின் இடத்தை நிரப்ப அவர்கள் முகத்தை எடுப்பது இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம். பயணத்துக்குப் பணம் இல்லையென்றால் முகமே இல்லாமல் வேலை செய்யலாம். நூல், கட்டம், இலை, வீட்டு வாசல் போதும்.

அப்புறம் நெய்தவர் பெயர். வடிவம் எந்த ஊருடையது, யார் நெய்தார், அனுமதி வாங்கியாயிற்றா, அச்சுக்கோ விற்பனைக்கோ போனால் அவருக்கு எவ்வளவு? இதையெல்லாம் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், பெயர் வெளியே வர அவர் சம்மதித்தால் பெயரோடு. முடிந்த வேலையை அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.