உப்புக்காற்று ஊரில் திரையிசை ஆல்பம் சேர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ இருந்துகொண்டு திரையிசை ஆல்பங்களைச் சேர்ப்பவருக்கு இரண்டு வேலை உண்டு. சரியான ஆல்பத்தைப் பார்த்து வாங்குவது எல்லா ஊர்க்காரருக்கும் பொது. வாங்கியதை உப்புக்காற்றிடமிருந்து காப்பது நமக்கு மட்டும் கூடுதல். "சிடிதானே, கேசட் மாதிரி கெட்டுப்போகாது" என்று நம்பி அலமாரியில் அடுக்கிவிடுவதால் போன ஆல்பங்கள் இந்தக் கரையில் ஏராளம். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

சிடியின் தடிமன் 1.2 மி.மீ. அதில் கிட்டத்தட்ட முழுவதும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். அதற்கு மேல் அலுமினியப் படலம். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதன்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு, பிறகு படம் அச்சிட்ட பக்கம். ஆகவே உண்மையில் பலவீனமானது பளபளக்கும் அடிப்பக்கம் அல்ல, படம் போட்ட மேல்பக்கம்தான். அடிப்பக்கத்தில் கீறல் விழாமல் இருக்கட்டும் என்று படம் போட்ட பக்கம் கீழே வரும்படி மேசைமேல் கவிழ்த்து வைப்பதும், மேல்பக்கத்தில் பெயர் எழுதி ஸ்டிக்கர் ஒட்டுவதும் முதல் தவறு. அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் செய்து தேற்றலாம். மேல்பூச்சு பெயர்ந்தால் அலுமினியமும் அதோடு போய்விடும். அதற்கு வைத்தியம் கிடையாது.

உப்பு ஈரம் பெரும்பாலும் விளிம்பு வழியாகவும், மேல்பூச்சில் உள்ள கீறல் வழியாகவும் நுழையும். அலுமினியம் அரிக்கப்பட்ட இடத்தில் ஒளி திரும்பாது, ஊடுருவிப் போய்விடும். போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பாருங்கள். அங்கங்கே ஊசிமுனை அளவுப் புள்ளி ஒன்றிரண்டு அச்சாலையிலேயே விழுவது, பயப்பட வேண்டாம். விளிம்பிலிருந்து உள்நோக்கிப் புள்ளிகள் கூட்டமாக ஏறினால் அது அரிப்பு. சிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவட்டம் நோக்கிப் படிக்கப்படுவதால், விளிம்பு கெட்டால் முதலில் போவது கடைசி டிராக். 35 நிமிட ஆல்பம் விளிம்பு வரை எட்டவே எட்டாது. 75 நிமிட ஆல்பத்தில், படத்தின் எல்லாக் கருப்பொருளையும் கோத்து வரும் எண்ட் டைட்டில் இசைதான் பலியாகும். எனவே சோதிக்கும்போது முதல் டிராக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். கடைசி டிராக்கை முழுதாக ஓட்டுங்கள்.

துடைப்பதிலும் தவறு நடக்கிறது. கடலோர வீட்டுத் தூசியில் உப்புப் பரல் கலந்திருக்கும். உலர்ந்த துணியால் தேய்த்தால் அதுவே உப்புத்தாள் வேலை செய்யும். முதலில் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி உப்பைக் கரைத்துவிட வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் வெள்ளைப் படிவம் விடும். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் ஒற்றி எடுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. குறுக்குக் கீறலில் இழக்கும் தகவலைப் பிளேயரின் பிழைதிருத்தம் ஈடுகட்டிவிடும்; தடத்தோடு ஓடும் கீறலில் தொடர்ச்சியாகத் தகவல் போவதால் அது திணறும். தின்னர், பெட்ரோல், பற்பசை எதுவும் ஆகாது.

வைக்கும் இடத்துக்கு ஆவணக்காப்பகங்கள் சொல்லும் ஈரப்பத அளவு 20 முதல் 50 சதவீதம். வாடைக்காற்று காலத்தில் மண்டபத்திலோ தேவிபட்டினத்திலோ திறந்த அலமாரியில் அந்த அளவு கிடைக்கவே கிடைக்காது. ரப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத 25 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே 200 கிராம் சிலிகா ஜெல், ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி, இவ்வளவு போதும். ஆரஞ்சு நிற ஜெல் வாங்குங்கள். ஈரம் குடித்ததும் பச்சையாகும். நீல ஜெல்லில் நச்சான கோபால்ட் உப்பு இருக்கிறது. நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓவனில் வைத்தால் திரும்பப் பயன்படும். மாற்றாமல் அப்படியே விடுவதுதான் வழக்கமான தவறு. நிறைந்த ஜெல் ஈரத்தைப் பிடிக்காது, பெட்டிக்குள் பூசணம் பிடிக்கும். மழை நாளில் பெட்டியைத் திறந்து போட்டு வரிசைப்படுத்தவும் வேண்டாம். பெட்டி தரையிலோ கீழ்த்தட்டிலோ இருக்கக் கூடாது: 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

ஏசி அறையிலிருந்து எடுத்த சிடியை உடனே வெளி அறை பிளேயரில் போட்டால் அதன்மேல் பனி படியும். அரை மணி நேரம் உறையோடு வைத்திருந்து போடுங்கள். பழைய பெட்டித் தொகுப்புகளில் சிடிக்கு மேல் வைத்திருக்கும் ஸ்பான்ஞ்சை இன்றே எடுத்து எறியுங்கள். அது மக்கிப் பிசுபிசுத்து மேல்பூச்சோடு ஒட்டிக்கொள்ளும். பிவிசி உறையும் அப்படித்தான். பாலிப்ரொப்பிலீன் உறை நல்லது. ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட புக்லெட் ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். 

வாங்கும்போது

தமிழில் "படத்தோட ஆல்பம்" என்றால் பாடல்கள். பின்னணி இசை தனியாக வருவது குறைவு. வந்தாலும் பெரும்பாலும் பிறகு, டிஜிட்டலில் வரும். உறையில் "ஒரிஜினல் பேக்கிரவுண்ட் ஸ்கோர்" என்று இருக்கிறதா எனப் பார்க்காமல் வாங்கிவிட்டு ஏமாறுகிறோம். வெளிநாட்டுப் படங்களிலும் "சவுண்ட்டிராக்" என்பது பாடல் தொகுப்பாக இருக்கலாம். "ஸ்கோர்" என்ற சொல்லைத் தேடுங்கள். 1990களின் பல ஹாலிவுட் ஸ்கோர் ஆல்பங்கள் 30 நிமிடத்தில் முடிவதற்குக் காரணம் இசையமைப்பாளரின் கஞ்சத்தனம் அல்ல. அமெரிக்க இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தப்படி ஆல்பத்துக்குத் தனியாகத் தர வேண்டியிருந்த மறுபயன்பாட்டுக் கட்டணம்தான். அதே படத்துக்குப் பின்னாளில் விரிவான பதிப்பு வந்திருக்கிறதா என்று தேடிவிட்டு வாங்குங்கள்.

"முழு பிஜிஎம்" (பின்னணி இசை) என்று விற்கப்படுபவை பல, டிவிடியிலிருந்து பிரித்தெடுத்தவை. வசனமும் கதவுச் சத்தமும் மிச்சமிருக்கும். பால் (PAL) என்னும் டிவி முறைக்கான டிவிடியிலிருந்து எடுத்ததில் இன்னொரு குறை: நொடிக்கு 24 ஃபிரேம் படம் 25 ஃபிரேமாக ஓடுவதால் இசை 4 சதவீதம் வேகமாகி, சுருதி முக்கால் அரைஸ்வரம் அளவுக்கு ஏறியிருக்கும். ஆர்மோனியத்தை வைத்துப் பார்த்தால் எந்தக் கட்டையிலும் சேராது.

பழைய சிடி வாங்கும்போது அடிப்பக்க நிறத்தைப் பாருங்கள். வெள்ளி நிறம் என்றால் ஆலையில் அச்சிட்டது. பச்சை, நீலச் சாயல் தெரிந்தால் வீட்டில் எழுதிய சிடி-ஆர். அதன் சாயம் வெயிலில் வெளிறும். 1994க்குப் பின் வந்தவற்றில் உள்வளையத்தில் இசைத்தட்டு நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பைக் குறிக்கும் "ஐஎஃப்பிஐ" என்ற நுண்ணெழுத்து இருப்பது இன்னொரு அடையாளம். இரண்டு மூன்று படங்களை ஒரே சிடியில் சேர்த்த பழைய வெளியீடுகளில் தீம் இசையும் சிறு இசைத்துணுக்குகளும் விடுபட்டிருக்கலாம். டிராக் பட்டியலை ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள்.

டவுன்லோடும் ரிப்பும்

ஸ்ட்ரீமிங் ஆப்பில் டவுன்லோட் பொத்தானை அழுத்துவது சேகரிப்பு ஆகாது. சந்தா முடிந்தாலோ உரிமை கைமாறினாலோ அது போய்விடும். விலை கொடுத்து வாங்கிய கோப்புதான் உங்களுடையது. ஒலியில் எதையும் இழக்காத ஃபிளாக் கோப்பு கிடைத்தால் ஃபிளாக், இல்லையென்றால் கொஞ்சம் இழந்து சுருக்கும் 256 கேபிபிஎஸ் ஏஏசியும் கேட்க நன்றாகவே இருக்கும். அந்த ஏஏசியை ஃபிளாக்காக மாற்றிவைப்பதில் அளவு கூடுமே தவிர இழந்தது திரும்பாது. இலவசமாக வந்த ஃபிளாக்கை நம்பும் முன் ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் மென்பொருளில் திறந்து, சத்தமான ஒரு டிராக்கைப் பாருங்கள். 16,000 ஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியதுபோல நின்றால் அது 128 கேபிபிஎஸ் எம்பி3-இன் வேடம்.

சிடியை வாங்கிய அன்றே ரிப் செய்துவிட வேண்டும், அதாவது கணினியில் கோப்பாக எடுத்துவிட வேண்டும். அதற்கான எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மென்பொருள் இலவசம். ஐயமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும் செக்யூர் மோடில் வைத்து, டிரைவ் சற்று முன்பின்னாகப் படிக்கும் ஆஃப்செட்டைச் சரிசெய்து, மற்றவர்கள் ரிப் செய்த முடிவுகளைத் தொகுத்த அக்யூரேட்ரிப் தரவோடு ஒப்பிடுங்கள். தமிழ்ச் சிடிகள் பல அந்தத் தரவில் இருக்காது. அப்போது டெஸ்ட் அண்ட் காப்பியில் இரண்டு முறை படித்த சிஆர்சி எண்கள் (சரிபார்ப்பு எண்கள்) ஒத்துப்போனால் போதும். ரிப் நடந்த விவரம் சொல்லும் லாக், டிராக் எல்லைகளைக் குறிக்கும் கியூ கோப்புகளையும் அதே ஃபோல்டரில் வையுங்கள். எம்பி3-ஆக ரிப் செய்வது பின்னணி இசைக்குப் பொருந்தாது. 1152 சாம்பிள் (ஒலி அளவீடு) கொண்ட கட்டங்களாகத்தான் அது எழுதும். டிராக் முடிவில் மிச்சத்தை மௌனத்தால் நிரப்பும். ஒன்றோடொன்று தொடரும் காட்சி இசையில் அந்த இடைவெளி 'டப்' என்று உறுத்தும்.

கோப்புக்குள் விவரம் எழுதும் டேகில் பாடகர் பெயரை மட்டும் போட்டுவிட்டு இசையமைப்பாளர் கட்டத்தைக் காலியாக விட்டால், நூறு ஆல்பம் தாண்டியதும் எதையும் தேடிப் பிடிக்க முடியாது. தமிழ்ப் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம், கோப்பின் பெயர் மட்டும் நீளக் கூடாது. ஆண்ட்ராய்டு போனிலும் லினக்ஸில் ஓடும் நாஸ் பெட்டியிலும் (வீட்டு நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) பெயரின் எல்லை 255 பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட் ஆவதால் புள்ளியும் கொம்பும் சேர்த்து 85 குறிகள்தான் கொள்ளும், அதாவது சுமார் 50 எழுத்து. விண்டோஸில் நன்றாக இருந்த நீளப் பெயர்கள் காப்பி செய்யும்போது பாதியில் நிற்பது இதனால்தான்.

ஒரு சிடி ஃபிளாக்கில் 250 முதல் 400 எம்பி வரை வரும். 500 சிடிகள் 200 ஜிபிக்குள் அடங்கும். 1 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றைப் பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில், கடற்காற்று எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே பீரோவில் இருந்தால் ஒன்று இருப்பதாகத்தான் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓட்டி, ஃபிளாக் கருவியின் டெஸ்ட் கட்டளையால் எல்லாக் கோப்பையும் சரிபாருங்கள். பிழை காட்டிய கோப்பை மற்ற டிஸ்க்கிலிருந்து அன்றே மாற்றுங்கள்.