பிரிட்டிஷ் முறையில் நூல்பாவைக்கு நூல் கட்டுவது எப்படி?

இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனில் நூல்பாவைக் கலை ஏறக்குறைய ஓய்ந்துபோயிருந்தது. சிற்பி வில்லியம் சிமண்ட்ஸ், வால்டோ லான்செஸ்டர், 1961இல் லண்டன் இஸ்லிங்டனில் லிட்டில் ஏஞ்சல் அரங்கைத் திறந்த ஜான் ரைட் போன்றோர் அதை மீண்டும் நிமிர்த்தினார்கள். பிரிட்டனில் மனித உருவப் பாவைகளுக்குப் பரவலாகப் புழங்குவது செங்குத்தான இயக்குகட்டை; அதாவது, பாவையாட்டுபவர் கையில் பிடித்து நூல்களை இயக்கும் மரக்கட்டை. 45 செ.மீ. உயரப் பாவைக்கு அதைக் கட்டும் முறை இது.

நூலைத் தொடும் முன் எடையைப் பாருங்கள். நல்ல நடைக்கு அதுதான் முதல் காரணம். இடுப்பும் பாதங்களும் கனமாக இருக்க வேண்டும்; பாதம் லேசாக இருந்தால் பாவை நடக்காது, மிதக்கும். உள்ளங்காலில் துளையிட்டுத் தூண்டில் ஈயக்குண்டு வைத்து அடையுங்கள். முழங்கால் பின்பக்கம் மட்டுமே மடங்க வேண்டும்.

கட்டைக்கு 20 செ.மீ. நீளமுள்ள மரத்துண்டு போதும். அதன் குறுக்கே, தலையின் அகலத்தைவிடச் சற்று நீளமாகத் தலைச்சட்டம். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குச்சி. முன்பக்கம் கைகளுக்கு விறைப்பான கம்பி. மேலே கொக்கியில் மாட்டி, வேண்டும்போது கழற்றக்கூடிய கால்சட்டம்.

நூல்கள் ஒன்பது: தோளுக்கு இரண்டு, தலைக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று, கைகளுக்கு இரண்டு, முழங்கால்களுக்கு இரண்டு. தேன்மெழுகு தடவிய கறுப்பு லினன் நூல் நல்லது. ஒற்றையிழை நைலான் வேண்டாம்; விளக்கொளியில் மின்னும், சுருண்ட வடிவம் மறையாது.

பாவையைத் தரையில் நிறுத்திப் பிடித்து, கட்டை உங்கள் முழங்கை உயரத்தில் இருக்குமாறு அளவெடுங்கள். முதலில் தோள் நூல்களைப் பின்குச்சியில் கட்டுங்கள். உடலின் கனத்தை இவைதான் தாங்க வேண்டும். அடுத்து, காதுக்குச் சற்று மேலிருந்து தலை நூல்கள். தொய்யாமல் இருந்தால் போதும். இவற்றை இறுக்கிவிடுவதுதான் அடிக்கடி நேரும் தவறு. அப்போது உடல் முழுவதும் கழுத்தில் தொங்கும், கட்டையைச் சாய்த்தாலும் தலை குனியாது. சரியாகக் கட்டியிருந்தால் கட்டையை முன்னால் லேசாகச் சாய்த்ததும் தோள் நூல் கனத்தை வாங்கிக்கொள்ள, தலை தானாகத் தாழும்.

முதுகு நூலைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். பாவை வணங்கும்போது மறுகையால் அதைப் பிடித்துக்கொண்டு கட்டையை இறக்க வேண்டும். கை நூல்கள் கம்பியின் இரு முனைகளுக்கும் போகும்.

முழங்கால் நூல்களை முழங்காலுக்குச் சற்று மேலே பொருத்துங்கள். நேராக நிற்கும்போது இவை துளி தளர்ந்திருக்க வேண்டும். இறுகினால் பாவை எப்போதும் கால் மடங்கியே நிற்கும். கால்சட்டத்தை இடமும் வலமும் அசைத்தால் நடை வரும். பாதம் தரையில் பதிந்த பிறகே கட்டையை முன்னே நகர்த்துங்கள்.

ஒத்திகை முடியும்வரை எல்லாம் உருவு முடிச்சாகவே இருக்கட்டும். நீளம் சரியென்று உறுதியானதும் இறுக்கி, முடிச்சின்மேல் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். எடுத்து வைக்கும்போது கட்டையைப் பிடித்துப் பாவையைச் சுழற்றி நூல்களை ஒரே கயிறாக முறுக்கிவிட்டால் சிக்காது.