அமெரிக்கன் ஸ்டடீஸ் எடுக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

வரலாறு, இலக்கியம், இசை, சினிமா, சட்டம், மதம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் அமெரிக்கன் ஸ்டடீஸ் என்கிற மேஜர் (முதன்மைப் பாடம்) அப்படிப்பட்டது. புதுசும் இல்லை, ஹார்வர்டில் 1937லேயே இதற்கு முனைவர் பட்டப் படிப்பு வந்துவிட்டது. சறுக்கல் பாடத்தேர்விலேயே ஆரம்பிக்கிறது.

ஜாஸ் ஒரு வகுப்பு, உள்நாட்டுப் போர் ஒன்று, ஹாலிவுட் ஒன்று என்று பிடித்ததையெல்லாம் எடுப்பார்கள். சரி, கதம்பத்துக்கும் நார் வேண்டுமே? இரண்டாம் வருடத்துக்குள் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'யார் அமெரிக்கர்?' என்பதையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவத்தில் இருந்த பஞ்சாபியான பகத் சிங் திண்ட், 1923இல் குடியுரிமை வழக்கில் தோற்றார். 'வெள்ளையர்' என்றால் குடியுரிமை கிடைக்கும் என்ற அன்றைய சட்டத்தின்கீழ், இனவியல்படி நானும் காகேசியன்தான், அதாவது வெள்ளையர் சேர்ந்த அதே இனம்தான் என்பது அவர் வாதம். சாதாரண மனிதர் 'வெள்ளையர்' என்று சொல்லும்போது இவரை நினைப்பதில்லை என்பது உச்ச நீதிமன்றத்தின் பதில். இந்த ஒரு தீர்ப்பிலிருந்து தொடங்கினால் சட்டம், மானிடவியல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் என்று வகுப்புகள் தானாகக் கோத்துக்கொண்டு வரும்.

எனக்குப் பெரிதாகப் படும் தவறு வேறு. வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நடுவில் ஒரு போட்டோவை ஊறுகாய் மாதிரித் தொட்டுக்கொள்வது. 1930களின் பொருளாதார மந்தம் என்றதும் எல்லாரும் டொரோத்தியா லாங் எடுத்த 'புலம்பெயர் தாய்' படத்தை ஒட்டிவிடுவார்கள். 1936 மார்ச்சில், கலிஃபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் எடுத்தது. முகவாயில் கை வைத்த தாய், இரு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை. 'வறுமையின் அடையாளம்' என்று ஒரு வரி, அப்புறம் அடுத்த பத்தி.

கொஞ்சம் நின்று பாருங்கள். அரசு அமைப்பு ஒன்றுக்காக எடுத்த படம் அது; அங்கே அவர் எடுத்த பல படங்களில் ஒன்று. ஓரத்தில் கூடாரக் கம்பைப் பிடித்திருந்த கட்டைவிரலைப் பிறகு நெகட்டிவில் மழுப்பினார்கள். அந்தக் குடும்பம் சாப்பாட்டுக்காகக் கார் டயரை விற்றதாக லாங் பின்னாளில் எழுதினார். குடும்பத்தார் அதை மறுத்தார்கள். அந்தத் தாயின் பெயரை அவர் கேட்கவே இல்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பதும், செரோக்கி பழங்குடி வம்சம் என்பதும் 1970களின் கடைசியில்தான் வெளியே வந்தன. வெள்ளைக்கார ஏழையின் முகமாக நாடே பார்த்த முகம்! யார் எடுக்கச் சொன்னார்கள், எதை அழித்தார்கள், யார் பெயர் விடுபட்டது என்று கேட்க ஆரம்பித்தால், புகைப்படக் கலையும் பழங்குடி வரலாறும் அரசுக் கொள்கையும் ஒரே மேசைக்கு வந்துவிடும். பல துறைப் படிப்பு என்பது இதுதான்.

கதையை 1776 சுதந்திரப் பிரகடனத்தில் தொடங்குவதும் பழகிப்போன தவறு. ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டினை ஸ்பானியர்கள் 1565இலேயே நிறுவிவிட்டார்கள். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, இன்றைய செயின்ட் லூயிஸுக்கு எதிர்க்கரையில், கஹோக்கியா என்ற, பழங்குடிகள் கட்டிய பெரிய மண்மேட்டு நகரம் இருந்தது. ஸ்பானிஷ் கொஞ்சம் கற்றுக்கொள்வது வீண்போகாது.

கடைசி வருட ஆய்வுக்கு 'அமெரிக்கக் கனவு' என்று தலைப்புக் கொடுத்தால் பேராசிரியர் பெருமூச்சு விடுவார். அதே விஷயத்தைச் சின்னதாகப் பிடிக்கலாம். சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் சுமார் 1940 வரை வீட்டையே கேட்டலாக்கில் விற்றது. மரமும் ஆணியும் ரயிலில் வந்து இறங்கும், நாம் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கேட்டலாக்கில் சமையலறையை எங்கே வைத்தார்கள் என்று பார்ப்பதே ஓர் அத்தியாயத்துக்குத் தாங்கும்.

இங்கிருந்து போகிறவர்கள் விசாவையும் பார்க்க வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பு முடித்தபின் வேலை பார்க்க, இந்த மேஜருக்கு 12 மாதம்தான். அறிவியல், பொறியியல் படித்தவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் 24 மாதம் இதற்குப் பொருந்தாது. சீனியர்களிடம் கேட்பதைவிட, மேஜரைப் பதிவு செய்யும் முன்பே கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும்.