‘ஒரு ரூபாய்க்கு எத்தனை பைசா?’ – ஃபார்வர்டு செய்யும் முன் நீங்களே போட்டுப் பார்க்க ஒரு கணக்கு

நான் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, மாதாமாதம் 20-ம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கான 3பி ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவள். ஆடிட்டர் இல்லை. பொருளாதாரமும் படித்ததில்லை. 2024 தேர்தல் நேரத்தில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு படம் போட்டார்: ‘தமிழ்நாடு ஒரு ரூபாய் கொடுத்தால் திரும்பி வருவது 29 பைசா.’ மும்பையில் இருக்கும் அத்தான் உடனே, ‘அப்படிப் பார்த்தால் மும்பைக்காரன் எவ்வளவு கேட்கணும்?’ என்று எழுதினார். நாலு நாள் சண்டை. கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். ‘நீதானே வரிக் கணக்கு பார்க்கிறவ, நீயே சொல்லும்மா.’

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அன்றைக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். கைபேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். கூடவே மூன்று ஆவணங்கள் வேண்டும், மூன்றுமே இலவசமாக இணையத்தில் கிடைக்கும்: நிதிக்குழுவின் அறிக்கை, மத்திய பட்ஜெட்டில் வரவுகளைச் சொல்லும் தொகுதி, உங்கள் மாநில பட்ஜெட்டின் சுருக்கம்.

முதலில், வகுத்தலில் மேலே என்ன இருக்கிறது, கீழே என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அந்த 29 பைசாவில் மேலே இருப்பது மத்திய வரிகளில் மாநிலத்துக்கு வரும் பங்கு. கீழே இருப்பது ‘தமிழ்நாட்டிலிருந்து வசூலான’ மத்திய வரி. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் கீழே உள்ள எண்ணில்தான் எனக்குத் தொழில்முறையாகவே சந்தேகம்.

எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனிக்குத் தொழிற்சாலை இங்கே, தலைமை அலுவலகம் மும்பையில். வேலை செய்கிறவர்கள், ஓடுகிற இயந்திரங்கள், குடிக்கிற தண்ணீர் எல்லாம் இங்கே. லாபத்துக்கான வரி கட்டப்படுவது மும்பைக் கணக்கில். நேரடி வரி வசூல் பட்டியலில் மகாராஷ்டிரா தலை நிமிர்ந்து நிற்பதற்கு இப்படிப்பட்ட கம்பெனிகளும் ஒரு காரணம். நமக்குச் சாதகமான திசையிலும் இது நடக்கும். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி பெங்களூருக்குப் போகிற சரக்கின் சுங்க வரி சென்னையில் வசூலானதாகத்தான் பதிவாகும். அதைச் சுமக்கிறவர் கர்நாடகத்தில் பொருள் வாங்குகிறவர். ஆகவே வரி எங்கே வசூலானது என்பதும், அதன் பாரம் யார் தலையில் என்பதும் ஒன்றல்ல. எந்த மாநிலத்துக்கும் இந்த எண்ணைச் சரியாகப் பிரிக்க முடியாது.

இன்னொரு பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது. நான் பார்த்த ஒரு படத்தில் மாநில ஜிஎஸ்டியையும் கீழே சேர்த்திருந்தார்கள். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையில் ஜிஎஸ்டி பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. 18 சதவீதம் என்றால் 9, 9. அந்த மாநிலப் பாதி நேராக மாநிலக் கஜானாவுக்குப் போகிறது. டெல்லிக்கே போகாத பணத்தை, ‘டெல்லி திருப்பித் தரவில்லை’ என்று கணக்குக் காட்டக் கூடாது. மாநிலம் தாண்டிப் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி, அதாவது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி. அதில் மாநிலப் பங்கு, பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு. ஸ்ரீபெரும்புதூரில் செய்த கார் பாட்னாவில் விற்றால் அந்தப் பங்கு பீகாருக்கு. இது ஜிஎஸ்டியின் அடிப்படை விதி, 2017 ஜூலை 1 முதல் அப்படித்தான்.

சரி, அப்படியானால் எதை நம்பிக் கணக்குப் போடுவது? வசூலை விட்டுவிட்டு, தொகுப்பைப் பிடியுங்கள், அதாவது மத்திய அரசு மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ளும் வரிப் பணத்தை.

அரசமைப்புச் சட்டத்தின் 270-வது பிரிவுப்படி மத்திய வரிகளின் நிகர வருவாய் மாநிலங்களோடு பகிரப்பட வேண்டும். எவ்வளவு, யாருக்கு என்று 280-வது பிரிவின் கீழ் அமைக்கப்படும் நிதிக்குழு பரிந்துரைக்கும். விஜய் கேல்கர் தலைமையிலான 13-வது குழு 32 சதவீதம் என்றது. ஒய்.வி. ரெட்டியின் 14-வது குழு அதை ஒரே தாவலில் 42 ஆக்கியது. என்.கே. சிங் தலைமையிலான 15-வது குழு 41 என்றது. ஜம்மு காஷ்மீர் மாநிலமாக இல்லாமல் போனதால் ஒரு சதவீதம் குறைந்தது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 41 சதவீதம் என்பது நீங்கள் கட்டுகிற எல்லா வரியிலும் 41 அல்ல. செஸ்ஸும் (குறிப்பிட்ட செலவுக்கென்று போடும் கூடுதல் வரி) சர்சார்ஜும் (வரியின் மேல் போடும் வரி) தொகுப்புக்கு வெளியே. உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். வருமான வரி ஒரு லட்சம் என்றால், மேலே 4 சதவீதம் சுகாதார, கல்வி செஸ் 4,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். அந்த 4,000-ல் எந்த மாநிலத்துக்கும் பங்கு கிடையாது.

வருமான வரியில் இது சின்னத் துண்டு. பெட்ரோலில் போட்டுப் பாருங்கள், கண் திறக்கும். 2022 மே மாதக் குறைப்புக்குப் பிறகு, 2025 ஏப்ரல் உயர்வு வரை, ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசின் கலால் மொத்தம் 19.90 ரூபாயாக இருந்தது. அதில் அடிப்படைக் கலால் வரி 1.40 மட்டும்தான். மீதி 18.50 சிறப்புக் கூடுதல் வரி, விவசாயக் கட்டமைப்பு செஸ், சாலை செஸ். பகிரப்படுவது அந்த 1.40 மட்டும். அதில் 41 சதவீதம், 57 பைசா. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்துத்தான் இந்த 57 பைசா. அதில் 15-வது குழு காலத்தில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். ஆக லிட்டருக்கு 2.3 பைசா. மாநிலம் தன் பங்குக்கு வசூலிக்கும் வாட் தனி, அது முழுக்க மாநிலத்துக்கே என்பதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இதே கணக்கை இரண்டு விதமாக மாற்றிப் போட்டேன். தமிழ்நாட்டின் பங்கு 13-வது குழு காலத்தில் இருந்த 4.969 ஆகவே நீடித்திருந்தால் லிட்டருக்குக் கிடைப்பது 2.9 பைசா. அரைப் பைசா கூடுதல். பங்கைத் தொடாமல், 19.90 முழுவதையும் தொகுப்புக்குள் கொண்டுவந்தால் 33 பைசா. நாமெல்லாம் சண்டை போடுவது முதல் எண்ணுக்காக. பெட்ரோல் ஒரு மோசமான உதாரணம், எல்லா வரியிலும் இவ்வளவு வித்தியாசம் வராது. ஆனாலும் அன்றைக்கு எனக்குத் தெளிவானது இதுதான்: எந்த மாநிலம் எவ்வளவு தின்றது என்று பார்ப்பதற்கு முன், இலைக்கே வராத பண்டம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

மொத்தத்துக்கும் இதைச் செய்யலாம். மத்திய பட்ஜெட் சுருக்கத்தில் ‘மொத்த வரி வருவாய்’ என்று ஒரு வரி, ‘மாநிலங்களின் பங்கு’ என்று ஒரு வரி இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுங்கள். 2018-19-ல் 20.80 லட்சம் கோடிக்கு 7.61 லட்சம் கோடி. ஏறக்குறைய 37 சதவீதம். 2020-21-ல் 20.27-க்கு 5.95, அதாவது 29. 2022-23-ல் 30.54-க்கு 9.48, அதாவது 31. எழுத்தில் 42, 41 என்று இருந்த ஆண்டுகள் இவை. இடைவெளிக்கு முக்கியக் காரணம் செஸ்ஸும் சர்சார்ஜும். ஆனால் முழுக்க அதுவே என்று எழுதிவிடாதீர்கள். வசூல் செலவும் யூனியன் பிரதேசங்களுக்கு உரிய தொகையும் இந்த இடைவெளிக்குள்தான் இருக்கின்றன. ஜிஎஸ்டி இழப்பீட்டு செஸ் மொத்தத்தில் சேர்ந்திருந்தாலும், அது மாநிலங்களுக்கான இழப்பீட்டுக்காகவே வசூலானது. இந்த நேர்மை இல்லாவிட்டால் அத்தான் மாதிரி ஒருவர் ஒரே கேள்வியில் உங்கள் கணக்கை உடைத்துவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. பட்ஜெட்டில் ஒரே தலைப்புக்கு மூன்று விதமான எண்கள் இருக்கும்: உண்மைக் கணக்கு, திருத்திய மதிப்பீடு, பட்ஜெட் மதிப்பீடு. ஒரு ஆண்டின் மதிப்பீட்டை இன்னொரு ஆண்டின் உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டு ‘நிதி குறைந்துவிட்டது’ என்று எழுதும் பதிவுகள் ஏராளம். உண்மைக் கணக்கை உண்மைக் கணக்கோடு மட்டும் வையுங்கள்.

அப்புறம், மாநிலங்களுக்கு இடையிலான பங்கு. 15-வது குழு நூறு மதிப்பெண்ணை இப்படிப் பிரித்தது: வருமான இடைவெளி 45, 2011 மக்கள்தொகை 15, பரப்பளவு 15, மக்கள்தொகைக் கட்டுப்பாடு 12.5, காடு 10, வரி வசூலிக்கும் முயற்சி 2.5. இதில் வருமான இடைவெளி புரிந்தால் ஏறக்குறைய பாதி புரிந்த மாதிரி. முன்னணி மாநிலத்தின் தலா வருமானம் 3 லட்சம் என்று வையுங்கள். ஒரு மாநிலத்துக்கு 2.4 லட்சம், இன்னொன்றுக்கு 80 ஆயிரம். இடைவெளி முறையே 60 ஆயிரம், 2.2 லட்சம். ஜனத்தொகை சமமாக இருந்தாலும் ஏழை மாநிலத்துக்கு இந்தத் தலைப்பில் மூன்றரை மடங்குக்கு மேல் கிடைக்கும். இடைவெளியை ஜனத்தொகையாலும் பெருக்குவார்கள் என்பதால், ஏழையாகவும் பெரியதாகவும் இருக்கும் மாநிலத்துக்கு ஏற்றம் இரட்டிப்பு.

இப்போது பங்கை ஜனத்தொகைப் பங்கோடு ஒப்பிடுங்கள். 2011 கணக்கில் தமிழ்நாடு 7.21 கோடி, நாட்டில் ஏறக்குறைய 6 சதவீதம். 15-வது குழுவில் கிடைத்தது 4.079. கேரளம் 2.8-க்கு 1.925. பீகார் 8.6-க்கு 10.058. சித்தப்பாவை ஆச்சரியப்படுத்தியது உத்தரப் பிரதேசம்தான்: 16.5-க்கு 17.939. ‘இவ்வளவுதானா?’ என்றார். ஆமாம், அந்தப் பெரிய எண்ணில் பெரும்பகுதி அங்கே இருக்கும் தலைகளின் எண்ணிக்கை.

என் வருத்தம் வேறு இடத்தில். 1971 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் ஜனத்தொகைப் பங்கு ஏழரை சதவீதம். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்ததால் அது 6 ஆனது. பழைய குழுக்கள் 1971-ஐ வைத்துக் கணக்குப் போட்டன. 14-வது குழு 2011-ஐயும் கலந்தது. 15-வது குழு 2011-க்கே மாறிவிட்டு, ஈடாக அந்த 12.5 மதிப்பெண்ணைக் கொடுத்தது. தமிழ்நாட்டின் வரிப் பங்கு 11-வது குழுவில் 5.385, அடுத்து 5.305, 4.969, 4.023, பிறகு 4.079. இந்த வரிசையைப் பார்த்தால் அந்த ஈடு போதவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏழை மாநிலத்துக்குக் கூடுதல் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொன்னபடி செய்தவனுக்குக் குறைவதில்தான் ஆட்சேபம்.

உங்கள் கணக்கு சரியா என்று சோதிக்க எளிய வழி உண்டு. வரிப் பங்கின் தவணையை விடுவிக்கும்போது மத்திய நிதி அமைச்சகம் மாநிலவாரிப் பட்டியல் வெளியிடும். 2024 அக்டோபர் 10 அன்று முன்கூட்டிய ஒரு தவணையும் சேர்த்து 1,78,173 கோடி விடுவித்தார்கள். அதை 4.079 சதவீதத்தால் பெருக்குங்கள்: 7,268 கோடி. பட்டியலில் தமிழ்நாட்டுக்கு எதிரே அதே எண். உத்தரப் பிரதேசத்துக்கு 31,962, அதுவும் பொருந்தும். ஆக, ‘இந்த மாதம் நமக்கு மட்டும் குறைத்துவிட்டார்கள்’ என்று வரிப் பங்கைப் பற்றி வரும் ஃபார்வர்டுகளை அரை நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம். விகிதம் நிலையானது, அதில் யாரும் மாதாமாதம் கை வைக்க முடியாது.

கை வைக்க முடிகிற குழாய் வேறு: திட்ட நிதி. மத்திய அரசு திட்டங்கள் பலவற்றில் செலவு 60:40 (மத்திய அரசு 60, மாநிலம் 40), வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. இந்தப் பணத்துக்கு நிபந்தனை உண்டு, தாமதம் உண்டு, சில சமயம் பேரமும் உண்டு. ஆகவே ‘மத்திய அரசு கொடுத்தது’ என்று யாராவது ஒரு பெரிய எண் சொன்னால், அது வரிப் பங்கா, நிதிக்குழு மானியமா, திட்ட நிதியா, கடனா என்று நான்காகப் பிரிக்கச் சொல்லுங்கள். மாநில பட்ஜெட்டில் இவை தனித்தனித் தலைப்பில்தான் இருக்கும். கடனைக் கொடையோடு கூட்டுகிற வித்தையை இரண்டு பக்கமும் செய்கிறார்கள்.

‘அந்த சாலை செஸ்ஸில்தானே நாலுவழிச் சாலை போடுகிறார்கள்?’ என்று அத்தான் கேட்டார். நியாயமான கேள்வி. சாலை வருகிறது, உண்மை. ஆனால் எங்கே, எப்போது என்பதை எந்தச் சூத்திரமும் சொல்வதில்லை, டெல்லி சொல்கிறது. அத்தான் அதற்குப் பதில் எழுதவில்லை, ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

இதே கேள்வியை மாநிலத்திடமும் கேட்கலாம். உள்ளாட்சிகளுக்குப் பங்கு சொல்ல மாநில நிதி ஆணையம் என்று ஒன்று அரசமைப்புச் சட்டத்தின் 243-I பிரிவின்படி இருக்கிறது. உங்கள் ஊராட்சிக்கு எவ்வளவு வந்தது என்று கிராம சபையில் கேட்டால் சொல்லியாக வேண்டும்.

2026 ஏப்ரல் முதல் அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16-வது நிதிக்குழுவின் காலம், 2031 மார்ச் வரை. 4.079 இருந்த இடத்தில் புது எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

சித்தப்பா 29 பைசாப் படத்தை நிறுத்திவிட்டார். இப்போது என் பெட்ரோல் கணக்கைத்தான் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறார், 2.3 பைசாவை 2 பைசா ஆக்கி.