நாடுகளின் நீர்மின் உற்பத்தியை வரைபடமாக்குவது எப்படி?

தேவிபட்டினம் முதல் மண்டபம் வரை எங்கள் ராமநாதபுரம் கடற்கரை முழுக்கத் தட்டை நிலம். நீர்மின் நிலையத்துக்கு இங்கே வழியில்லை. மாவட்டத்தில் வழுதூர் எரிவாயு நிலையமும் கமுதி சூரிய மின்சாரமும் இருக்கின்றன. ஆனாலும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்பில் மின்சாரம் தந்துவிட்டுத்தான் வைகையைச் சேர்கிறது. வைகையின் கடைமடையான ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்காரர்களுக்கும் இந்த நீர்மின் கணக்கில் பாத்தியதை உண்டு!

எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும்.

முதல் படி: திறனையும் உற்பத்தியையும் பிரியுங்கள். கண்மாயின் கொள்ளளவு வேறு, இந்த வருடம் பெருகிய தண்ணீர் வேறு. மெகாவாட் என்பது கொள்ளளவு. யூனிட் என்பது பெருகியது. சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணை 22,500 மெகாவாட். 2020-இல் அது தந்தது 11,180 கோடி யூனிட். பிரேசிலும் பராகுவேயும் பங்கிடும் இதைப்பு அணை 14,000 மெகாவாட்தான். ஆனால் 2016-இல் 10,310 கோடி யூனிட் தந்தது. ஆண்டு முழுக்க முழுவேகத்தில் ஓடினால் கிடைக்கக்கூடியதில் முன்னது சுமார் 57 சதவீதம், பின்னது 84 சதவீதம். மெகாவாட்டை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்தும் கட்டுரைகளை நான் நம்புவதில்லை.

இரண்டாம் படி: ‘அவர் வேர்ல்டு இன் டேட்டா’ (Our World in Data) என்ற புள்ளிவிவரத் தளத்தில் நீர்மின் உற்பத்தி அட்டவணையை இறக்கிக்கொள்ளுங்கள். இது இலவசம். அதில் ஒரு டெராவாட் மணி என்றால் 100 கோடி யூனிட். சீனா, பிரேசில், நார்வே, இந்தியா போதும். எக்செலில் தரவைத் தொகுத்துக் காட்டும் பைவட் டேபிளில் ஆண்டுகளை இடப்பக்கமும் நாடுகளை மேலேயும் வைத்துக் கோட்டு வரைபடம் போடுங்கள்.

மூன்றாம் படி: படத்தில் சீனா மலையாக நிற்கும், மற்றவை தரையோடு ஒட்டிக்கிடக்கும். இதைச் சரிசெய்ய ஒவ்வொரு நாட்டுக்கும் அதன் ஒரு பழைய அளவை 100 என்று வைத்து, மற்ற ஆண்டுகளை அதனால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். பலரும் 2000-ஐ எடுக்கிறார்கள். நார்வேக்கு அது அபாரமான மழை ஆண்டு; அதை அடிப்படையாக வைத்தால், பிறகு அந்த நாடு தேய்ந்துபோனதாகப் படம் பொய் சொல்லும். 1998 முதல் 2002 வரையிலான சராசரியை 100 ஆக்குங்கள். இப்போது சீனா பல மடங்கு ஏறுவதும், நார்வே அங்கேயே ஏறி இறங்குவதும் தெளிவாகத் தெரியும்.

நான்காம் படி: பள்ளங்களுக்குப் பெயர் எழுதுங்கள். பிரேசிலில் 2001, 2021 வறட்சி. சீனாவில் 2022 கோடையில் சிச்சுவான் மாகாணம் வறண்டு, ஆலைகள் மூடப்பட்டன; ஆனால் ஆண்டுக் கணக்கில் அது பெரிய பள்ளமாகத் தெரியாது.

கடைசியாக, மொத்த மின்சாரத்தில் நீர்மின் பங்குக்குத் தனிப் படம் போடுங்கள். இந்தியாவின் உற்பத்தி 1960-களைவிடப் பல மடங்கு கூடியிருக்கிறது. பங்கோ 40 சதவீதத்துக்கு மேலிருந்து சுமார் பத்தில் ஒன்றாகச் சரிந்துவிட்டது. நிலக்கரி அதைவிட வேகமாக வளர்ந்ததே காரணம்.