8 ஓம் என்று எழுதியிருப்பதை நம்பி கிராஸ்ஓவர் கட்டாதீர்கள்

ஸ்பீக்கருக்குள் தாழ்ந்த ஒலியைப் பெரிய வூஃபருக்கும் உயர்ந்த ஒலியைச் சிறிய ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் மின்சுற்றுதான் கிராஸ்ஓவர். அதைக் கட்டும் முன் கேட்கப் பழக வேண்டும். இரண்டு ஸ்பீக்கர்களை அடுத்தடுத்துக் கேட்டால், சத்தம் கொஞ்சம் கூடுதலாக வருவதுதான் நல்ல ஸ்பீக்கர் என்று தோன்றும். ஒரு டெசிபல் வித்தியாசத்தை "சத்தம் அதிகம்" என்று யாரும் சொல்வதில்லை. "பாஸ் இறுக்கமாக இருக்கிறது, குரல் முன்னால் வந்து நிற்கிறது" என்றுதான் சொல்வார்கள். அதனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி, ஒப்பிடும் முன் சத்தத்தைச் சமப்படுத்துங்கள். பிங்க் நாய்ஸை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு மைக்கை வைத்து, இரண்டும் அரை டெசிபலுக்குள் வரும்வரை வால்யூமை மாற்றுங்கள். போனில் இருக்கும் சத்தம் அளக்கும் ஆப்பே போதும். அது தப்பாகக் காட்டினாலும் இரண்டுக்கும் ஒரே தப்பைத்தான் காட்டும்.

கேட்லாக்கில் போட்டிருக்கும் சென்சிடிவிட்டி எண்ணை (கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்ற அளவு) வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெரும்பாலும் 2.83 வோல்ட் கொடுத்து 1 மீட்டரில் அளந்து போடுகிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கரில் அது 1 வாட், 4 ஓம் ஸ்பீக்கரில் அதுவே 2 வாட், அதாவது 4 ஓம்காரருக்கு 3 டெசிபல் இலவசம்.

அடுத்தது இடம். சுவரிலிருந்து அரை மீட்டர் நகர்ந்தாலே பாஸ் வேறு மாதிரி ஆகிவிடும், ஆகவே இரண்டு ஸ்பீக்கரும் ஒரே இடத்தில்தான் உட்கார வேண்டும், தரையில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஃபிளாய்டு டூல், ஷான் ஆலிவ் குழு இதற்காகவே ஸ்பீக்கர்களை ஒரே இடத்துக்கு நகர்த்திக் கொண்டுவரும் ஓர் இயந்திரம் வைத்திருந்தது, முன்னால் ஒரு திரையும் இருக்கும். அந்த இருவரும் 1994ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது போட்ட மதிப்பெண்ணும் மறைத்துவிட்டுக் கேட்டபோது போட்டதும் ஒத்துப்போகவில்லை. வீட்டில் ஒரு மெல்லிய துணியும் மாற்றி வைக்க ஒரு நண்பரும் இருந்தால் நாமும் செய்யலாம். ஒரே ஒரு ஸ்பீக்கரை மோனோவில் கேளுங்கள். ஸ்டீரியோ அழகாக இருக்கும், ஆனால் குறைகளை மூடி மறைத்துவிடும்.

சரி, எதைக் கேட்பது? பாட்டுக்கு முன்னால் அந்தப் பிங்க் நாய்ஸையே கேளுங்கள். உட்கார்ந்து கேளுங்கள், மெதுவாக எழுந்து நில்லுங்கள், திரும்ப உட்காருங்கள். இரைச்சலின் நிறம் "ஷ்ஷ்" என்பதிலிருந்து "ஹோ" என்று மாறுகிறதா? வூஃபரும் ட்வீட்டரும் சேருமிடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன என்று அர்த்தம். எந்த டூ-வே ஸ்பீக்கரிலும் இது கொஞ்சம் இருக்கும், எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அப்புறம் பக்கவாட்டில் நடந்து பாருங்கள், ஒரு பெண் குரலை ஓடவிட்டு. 3000 ஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 11.5 சென்டிமீட்டர், 16 சென்டிமீட்டர் வூஃபரை அங்கே வரை இழுத்தால் அது டார்ச் லைட் மாதிரி நேராக மட்டுமே அடிக்கும், பக்கத்தில் குரல் மங்கிப்போகும். இப்படிக் கேட்கப் பழகினால், உயர்ரக ஸ்பீக்கர்களுக்குள் நாம் "குணம்" என்று சொல்வதில் பெரும்பகுதி கிராஸ்ஓவரில் எடுத்த முடிவுகள்தான் என்று புரியும். கட்ட உட்காரும்போது எதைத் தேடுகிறோம் என்பதும் தெரிந்திருக்கும்.

இனி கட்டும் வேலை. சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ், ரஸ் ரைலி என்ற இரண்டு பொறியாளர்கள் 1976ல் கொடுத்த அமைப்பைத்தான் இன்றைக்கும் பலர் பின்பற்றுகிறார்கள். இரண்டாம் நிலை (அதிர்வெண் இரட்டிப்பாகும்போதெல்லாம் 12 டெசிபல் சரியும்) சூத்திரத்தில், பிரிக்கும் இடமாக 2500 ஹெர்ட்ஸையும் 8 ஓமையும் போட்டால் 4 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 1 மில்லிஹென்றி காயிலும் வரும். எவ்வளவு சுலபம்! என் முதல் கிராஸ்ஓவரை இப்படித்தான் கட்டினேன், எல்லாக் குரலும் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது.

காரணம், 8 ஓம் என்ற இம்பீடன்ஸ், அதாவது ஸ்பீக்கர் மின்சாரத்துக்குக் காட்டும் எதிர்ப்பு, ஒரு பெயர்தான். மல்டிமீட்டரை வைத்தால் 6 ஓம் வாக்கில் காட்டும். பாஸ் ரெசனன்ஸில் (வூஃபர் தானாகவே அதிகம் அதிரும் இடத்தில்) 30 ஓமைக்கூடத் தாண்டும். வூஃபர் காயிலின் இண்டக்டன்ஸ் 0.5 மில்லிஹென்றி என்றால் 2500 ஹெர்ட்ஸில் 10 ஓம் அளவுக்கு ஏறியிருக்கும், மேலே போகப்போக இன்னும் ஏறும். ட்வீட்டருக்கும் 1000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு. சூத்திரத்துக்கு இதெல்லாம் தெரியாது. வூஃபர் பக்கத்து ஏற்றத்தை மட்டும் ஸோபெல் (வூஃபருக்கு இணையாக வைக்கும் ரெசிஸ்டர்-கெப்பாசிட்டர் ஜோடி) போட்டு அடக்கலாம்: டிசி ரெசிஸ்டன்ஸை (மல்டிமீட்டர் காட்டிய 6 ஓம்) 1.25ஆல் பெருக்கினால் ரெசிஸ்டர், இண்டக்டன்ஸை அந்த ரெசிஸ்டரின் வர்க்கத்தால் வகுத்தால் கெப்பாசிட்டர். மேலே சொன்ன வூஃபருக்கு 7.5 ஓம், சுமார் 9 மைக்ரோஃபாரட்.

ஆகவே அளக்க வேண்டும், வேறு வழியில்லை. பெட்டியைச் செய்து, டிரைவர்களை (வூஃபரையும் ட்வீட்டரையும்) அதில் பொருத்தியபின் அளக்க வேண்டும், மேசையில் வைத்து அளந்தால் பயனில்லை. அளவுத்திருத்தம் செய்த ஒரு யூஎஸ்பி மைக், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளக்கும் மென்பொருள், இரண்டும் போதும். ஸ்பீக்கரைத் தரையிலிருந்து 1.2 மீட்டர் உயரத்துக்கு ஏற்றி, மைக்கை 1 மீட்டரில் வையுங்கள். தரையில் பட்டு வரும் ஒலி சுமார் 4.7 மில்லிசெகண்ட் தாமதமாக வரும், அதற்கு முன் 4 மில்லிசெகண்டிலேயே அளவை மென்பொருளில் வெட்டிவிட்டால் 250 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள அளவை நம்பலாம். கீழே உள்ளதற்கு மைக்கை வூஃபர் கோனை ஒட்டி வைத்துத் தனியாக எடுத்து ஒட்ட வேண்டும். இரண்டு டிரைவரையும் தனித்தனியாக அளக்கும்போது மைக்கை அசைக்காதீர்கள், மென்பொருளில் டைமிங் ரெஃபரன்ஸைப் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எது முந்தி வருகிறது என்ற தகவலே போய்விடும். ட்வீட்டருக்கு ஸ்வீப்பை (தாழ்விலிருந்து உச்சம்வரை ஏறும் சோதனை ஒலி) 500 ஹெர்ட்ஸிலிருந்து, குறைந்த சத்தத்தில் தொடங்குங்கள். 20 ஹெர்ட்ஸிலிருந்து தொடங்கி ஒரு ட்வீட்டரைக் கருக்கியவன் சொல்கிறேன். இம்பீடன்ஸ் அளக்க சவுண்ட் கார்டும் ஒரு 100 ஓம் ரெசிஸ்டரும் போதும்.

இந்த அளவுகளை எல்லாம் விட்யூக்ஸ்கேட் என்ற கிராஸ்ஓவர் வடிவமைப்பு மென்பொருளில் ஏற்றுங்கள், அதுவும் இலவசம். இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம்: நாலாம் நிலைச் சரிவு வேண்டுமென்றால் நாலு பாகம் போட வேண்டியதில்லை. டிரைவர் தானாகவே கொஞ்சம் சரியும், அதோடு ஒரு காயிலும் ஒரு கெப்பாசிட்டரும் சேர்ந்து கடைசியில் ஒலியில் 24 டெசிபல் சரிவு வந்தால் போதும். பெட்டியின் முகப்பு அகலத்தையும் கணக்கில் எடுங்கள். 115ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால், 20 சென்டிமீட்டர் முகப்புக்கு 575 ஹெர்ட்ஸ் வரும், அதைச் சுற்றி ஒலி பெட்டிக்குப் பின்னால் கசியத் தொடங்கி, கீழே போகப்போக 6 டெசிபல் வரை இழப்பு. இதை ஈடுகட்டத்தான் நல்ல டிசைன்களில் வூஃபர் காயில் 1 மில்லிஹென்றிக்குப் பதிலாக 1.5, 2 என்று பெரிதாக இருக்கும். ட்வீட்டர் இப்போது உரக்கக் கேட்கும், எல்-பேட் (சத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெசிஸ்டர்) போடுங்கள்: தொடரில் 4 ஓம், ட்வீட்டருக்கு இணையாக 8 ஓம் வைத்தால் 6 டெசிபல் குறையும். பிபிசியின் புகழ்பெற்ற குட்டி மானிட்டர் எல்எஸ்3/5ஏவின் முதல் வடிவத்தில், ட்வீட்டரின் அளவைப் பொருத்தவே பல இடத்தில் இணைப்பு எடுத்த ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருந்தார்கள்.

மொத்த இம்பீடன்ஸ் எங்கும் 3.5 ஓமுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபையர் திணறும்.

பாகங்களைப் பற்றிச் சண்டை போட நிறையப் பேர் இருக்கிறார்கள். ட்வீட்டருக்குத் தொடரில் பாலிபுரோப்பிலீன் கெப்பாசிட்டர் போடுங்கள், ஸோபெலுக்குப் போலாரிட்டி இல்லாத எலக்ட்ரோலைட்டிக் போதும், தங்க எழுத்து அச்சடித்த கெப்பாசிட்டருக்குச் செலவழிப்பதைவிட எல்-பேடில் அரை ஓம் மாற்றிப் பார்ப்பது காதில் தெளிவாகத் தெரியும். காயில்களை ஒன்றையொன்று பார்க்கும்படி வைக்காதீர்கள். ஒன்றைப் படுக்க வையுங்கள், இன்னொன்றை நிறுத்தி, முடிந்தவரை தள்ளி. ரெசிஸ்டர் 10 வாட்டாக இருக்கட்டும், சூடாகும், பலகையைத் தொடாமல் தூக்கி வையுங்கள்.

உடனே சால்டர் அடிக்காதீர்கள். முதலைக் கிளிப்பில் ஒரு ஸ்பீக்கரை மட்டும் கட்டி, ட்வீட்டரின் இரண்டு வயரையும் மாற்றிப் போட்டு அளந்து பாருங்கள். கிராஸ்ஓவர் இடத்தில் 20 டெசிபலுக்கு மேல் ஆழமாக ஒரு பள்ளம் விழுந்தால் சரியான போலாரிட்டியில் இரண்டும் நன்றாகச் சேருகின்றன. பள்ளம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் மறுபடி மென்பொருளுக்குப் போங்கள். அப்புறம் வயரைத் திருப்பிப் போட்டு, நீங்கள் மதிக்கும் ஒரு உயர்ரக ஸ்பீக்கரை டேப் ஒட்டிய அதே இடத்தில் வைத்து, அதே பிங்க் நாய்ஸ், அதே குரல், எழுந்து உட்கார்ந்து ஒரு வாரம் கேளுங்கள். சால்டர் அடித்த பிறகும் பலகையைப் பெட்டிக்குள் திருகி மூட வேண்டாம். என்னுடையது இரண்டாவது வருடமாக ஸ்பீக்கருக்குப் பின்னால் வெளியேதான் கிடக்கிறது, போன மாதம்கூட ஒரு ரெசிஸ்டரை மாற்றினேன்.