‘ராத்திரிக்குச் சப்பாத்தி’ என்பது பாதி முடிவுதான்

எங்கள் குடும்பத்தில் புதிதாகக் குடித்தனம் வைத்த பிள்ளைகள் இப்போது நாலைந்து பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் ஆறரை மணி ஆனால் யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார்கள். “சித்தி, ராத்திரிக்கு என்ன பண்ணட்டும்?” சமையல் தெரியாதவர்கள் இல்லை. குருமா, புலாவ், மீன் குழம்பு எல்லாம் நன்றாகவே வைக்கிறார்கள். என்ன செய்வது என்று முடிவு செய்வதில்தான் தடுமாறுகிறார்கள். புதிதில் நான் தடுமாறிய அதே இடங்களில்தான். உப்பு கூடிப்போவது, குக்கரில் தண்ணீர் குறைவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. அவை பழகப் பழகச் சரியாகிவிடும். முடிவு செய்வதில் வருகிற இந்தத் தவறுகள் அப்படிச் சரியாவதில்லை. பேரன் பேத்தி எடுத்த பிறகும் தினமும் ராத்திரி இதே அவதியில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

தொட்டுக்கொள்ள என்ன என்பதைக் கடைசிக்குத் தள்ளுவது

என்னை இன்றைக்கும் எரிச்சல்படுத்துவது இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

“ராத்திரிக்கு என்ன?” என்று கேட்டால் “சப்பாத்தி” என்கிறார்கள். “தோசை” என்கிறார்கள். கேள்வி முடிந்துவிட்டது என்று நினைத்து மற்ற வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். ஆனால் நம் வீட்டு ராத்திரிச் சாப்பாட்டில் சப்பாத்தியும் தோசையும் இடியாப்பமும் சுலபமான பாதி. மாவு இருந்தால் தோசை வந்துவிடும். நேரத்தையும் காசையும் தின்பது அதற்குத் தொட்டுக்கொள்ளச் செய்கிற பாதி.

போன மாதம் என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மணிக்கு மாவு பிசைந்து மூடி வைத்தாள். ஏழரைக்கு இட ஆரம்பித்தாள். எட்டு மணிக்குச் சப்பாத்தி ஹாட்பாக்ஸில் அடுக்கடுக்காகத் தயார். அதற்கப்புறம்தான் காய்கறிக் கூடையைப் பார்க்கிறாள். உருளைக்கிழங்கு இல்லை. தேங்காய் இருக்கிறது, உடைக்கவில்லை. பட்டாணி காய்ந்தது, ஊறவில்லை. “வெங்காயம் தக்காளி வதக்கிடலாம் சித்தி” என்று சொல்லிக்கொண்டே நறுக்க ஆரம்பித்தாள். நாலு பேருக்கு ஆகிற மாதிரி வெங்காயம் உரித்து, நறுக்கி, பச்சை வாசனை போக வதக்கி இறக்க அரை மணிக்குக் குறையாது. குழந்தை அதற்குள் வெறும் சப்பாத்தியைச் சர்க்கரையில் தொட்டுச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டது. மாப்பிள்ளை போனை எடுத்து ஒரு பனீர் கிரேவி ஆர்டர் செய்தார். கிரேவி, டெலிவரிக் கட்டணம், பேக்கிங் எல்லாம் சேர்த்து 300 ரூபாயைத் தாண்டியது. வீட்டில் மாவு பிசைந்து, இட்டு, சுட்டு, வியர்த்துவிட்டு, கடைசியில் காசு வெளியில் போனது.

வாரத்தில் இரண்டு நாள் இப்படி நடந்தால் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் போய்விடும். ஒரு சின்னக் குடும்பத்துக்கு அது ஒரு மாத அரிசி, பருப்புச் செலவு. அந்தப் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாமல் இது நடக்கவில்லை. சப்பாத்தி என்று முடிவு செய்த மதியமே தொட்டுக்கொள்ள என்ன என்று யோசித்திருந்தால் போதும்.

சரி, எப்படி யோசிப்பது? தலைகீழாக. முதலில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் அதற்கு எது பொருந்தும் என்று முடிவு செய்யுங்கள்.

மதியம் சாம்பார் வைத்தால் ராத்திரி இட்லியோ தோசையோ. மதியச் சாம்பார் ராத்திரிக்குள் இறுகிவிடும். கொஞ்சம் வெந்நீர் விட்டு, பத்து சின்ன வெங்காயத்தை நெய்யில் வதக்கிப் போட்டு ஒரு கொதி விட்டால் டிபன் சாம்பாராக மாறிவிடும். வத்தக்குழம்போ காரக்குழம்போ வைத்தால் தோசை மட்டும். சப்பாத்தியோடு புளிக்குழம்பு ஒட்டவே ஒட்டாது, முயற்சியே வேண்டாம். புடலங்காய், சௌசௌ, சுரைக்காய் போட்டுப் பாசிப்பருப்புக் கூட்டு செய்தீர்களா, அன்றைக்குச் சப்பாத்தி. மோர்க்குழம்பு என்றால் சேவை. மீன் குழம்பு வைத்த அன்று வேறு யோசனையே வேண்டாம், தோசைக்கல்லைப் போடுங்கள். ரசமும் பொரியலும் மட்டும்தான் மிச்சம் என்றால் டிபன் ஆசையை விட்டுவிட்டு ஒரு ஆழாக்கு அரிசியைக் களைந்து வைத்து அப்பளம் பொரியுங்கள். நிம்மதியான சாப்பாடு.

மதியம் எதுவுமே மிஞ்சாத வீடுகளும் உண்டு. இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் காலையிலேயே டப்பாவில் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு நான் சொல்வது: காலையில் சாம்பாருக்குத் துவரம்பருப்பு வேகவைக்கும்போது ஒரு கை கூடப் போடுங்கள். வெந்ததும் புளி சேர்க்கும் முன்பு ஒரு கிண்ணம் தனியே எடுத்து ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். ராத்திரி சீரகம், பூண்டு, தக்காளி, பச்சை மிளகாய் தாளித்து அதில் கொட்டினால் பத்து நிமிஷத்தில் சப்பாத்திக்குப் பருப்பு தயார். கூடப் போட்ட அந்த ஒரு கைப் பருப்புக்கு எரிவாயுச் செலவுகூடத் தனியாக இல்லை.

எடுத்து வைப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லோரும் சாப்பிட்டு, கரண்டி பலமுறை போய் வந்த பாத்திரத்தில் மிஞ்சியதை ராத்திரிக்கு வைக்காதீர்கள். பரிமாறும் முன்பே தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுங்கள். ஆறியதும், அதாவது இரண்டு மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும். தேங்காய் இல்லாத புளிக்குழம்பு தாங்கும். ராத்திரி எதுவானாலும் வெதுவெதுப்பாகச் சூடுசெய்தால் போதாது, தளதளவென்று கொதிக்க வேண்டும்.

சோறு மட்டும் தனி. மதியச் சோற்றை மூடிவைத்துவிட்டு ராத்திரி எலுமிச்சைச் சாதமோ ஃப்ரைட் ரைஸோ செய்துகொள்ளலாம் என்று அடுப்பு மேடையிலேயே விட்டுவிடுகிறார்கள். அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். வேகும் சூட்டிலும் அவை பிழைத்துக்கொள்ளும். சோறு மணிக்கணக்கில் வெளியில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும், அதில் வாந்தி வரவைக்கும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. ராத்திரிக்குச் சோறு வேண்டுமென்றால் மதியமே ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள், இல்லையென்றால் புதிதாக வடியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பெயர் வாங்கிய பதார்த்தங்களைப் பாருங்கள். கும்பகோணம் கடப்பா, சிதம்பரம் கத்திரிக்காய் கொத்சு, செட்டிநாட்டுக் கோசமல்லி, சைதாப்பேட்டை வடகறி. இவை எல்லாமே தொட்டுக்கொள்ள வந்தவை. இட்லி எல்லா ஊரிலும் இட்லிதான். எதைத் தொட்டுக்கொள்வது என்பதில்தான் ஒவ்வொரு ஊரும் மூளையைச் செலவழித்திருக்கிறது. மசால் வடை மிஞ்சினால் வடகறி, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் இருந்தால் கடப்பா என்று வீட்டில் இருப்பதிலிருந்துதான் அவர்களும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

கடைசிக் காவலுக்கு மூன்று டப்பாக்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்: மிளகாய்ப்பொடி, தக்காளித் தொக்கு, ஒரு பருப்புப்பொடி. உடம்பு முடியாத நாளுக்கு அவை போதும். தினமும் அவற்றையே நம்பினால் ஒரு வாரத்தில் வீட்டில் முகம் சுளிப்பார்கள்.

ஊறவைப்பதை மறப்பது

காலைக் காப்பியோடு முடிவு செய்யுங்கள். கறுப்புக் கொண்டைக்கடலை எட்டு மணி நேரம் கேட்கும், ராத்திரி ஏழு மணிக்கு அதனிடம் கெஞ்ச முடியாது.

‘மாவு இருக்கிறது’ என்ற தைரியம்

ஃப்ரிட்ஜில் மாவு இருந்தால் ராத்திரிக் கவலை இல்லை என்று நினைக்கிறார்கள். மாவுக்கு வயது உண்டு. பொங்கிய முதல் நாள் இட்லிக்கு. இரண்டாம், மூன்றாம் நாள் தோசைக்கு. அதற்கு மேல் புளிப்பு ஏறிவிடும், வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு ஊத்தப்பமோ குழிப்பணியாரமோ ஊற்றலாம். நாலாம் நாள் மாவில் இட்லி ஊற்றிவிட்டுக் கல் மாதிரி இருக்கிறது என்று அரிசியைக் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

வெயில் காலத்தில் ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் யோசிக்கும். டிசம்பரில் காலையில் அரைத்து அன்று ராத்திரியே இட்லி என்று திட்டமிட்டால் தட்டில் வருவது தட்டையான இட்லிதான். மாவு தீர்ந்துபோன நாளுக்கு அடை இருக்கிறது. இட்லி அரிசி, கடலைப்பருப்பு, துவரம்பருப்பு, கொஞ்சம் உளுந்து, காய்ந்த மிளகாய். இரண்டு மூன்று மணி நேரம் ஊறினால் போதும், புளிக்கவைக்க வேண்டியதில்லை. அடைக்கு வெல்லமும் வெண்ணெயும் இருந்தால் சட்னிகூட வேண்டாம்.

எல்லோரிடமும் ‘என்ன வேணும்?’ என்று கேட்பது

கேட்காதீர்கள். “அடையா, சேவையா?” என்று இரண்டைச் சொல்லி ஒன்றைக் கேளுங்கள்.

காலண்டரைப் பார்க்காமல் அட்டவணை போடுவது

திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு ராத்திரிக்கு ஏழு பலகாரம் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார்கள். ஆர்வம் எனக்குப் பிடிக்கும், அட்டவணையை நான் எதிர்க்கவில்லை. ஆனால் புதன்கிழமை முட்டைக் குழம்பு என்று எழுதியிருக்கும், அன்றைக்குக் கிருத்திகை. மாமியார் விரதம். வெங்காயம், பூண்டு கூடாது. அப்பா அம்மா இல்லாதவர்கள் அமாவாசை ராத்திரி சோறு சாப்பிட மாட்டார்கள், பலகாரம்தான். சில வீடுகளில் சனிக்கிழமையும் அப்படி. புரட்டாசி முழுக்க அசைவம் கிடையாது. உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம், உங்கள் வீட்டில் சாப்பிடுகிற ஒருவருக்கு இருந்தால் நீங்கள் இரண்டு சமையல் செய்யப்போகிறீர்கள்.

தினசரி காலண்டரைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஏழு நாளையும் நிரப்பாதீர்கள். நாலு நாள் எழுதி மூன்று நாளைக் காலியாக விட்டால், மிஞ்சிய குழம்பும் பக்கத்து வீட்டிலிருந்து வரும் முருங்கைக்காயும் அந்த நாட்களில் நுழைந்துகொள்ளும்.

சர்க்கரைக்குச் சப்பாத்தி என்று முடிவுகட்டுவது

வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை வந்தவுடன் ராத்திரி சோறு நிறுத்தி சப்பாத்தி என்றாகிவிடுகிறது. சரிதான், ஆனால் கோதுமையும் மாவுச்சத்துதான். இரண்டு சப்பாத்தி சாப்பிடுகிறவர் மருந்து மாதிரி நினைத்துக்கொண்டு ஐந்து சாப்பிட்டால் என்ன பயன்? அளவைக் குறைத்து, கூட்டும் பருப்பும் கூட வைப்பதுதான் வேலை செய்யும். என்ன, எவ்வளவு என்பதை அவர் பார்க்கிற டாக்டரிடம் ஒருமுறை கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்திரிக்கென்று சாயங்காலம் தனியாகக் காய் வாங்குவது

தேவையில்லை. கூடையில் கிடக்கிற அரைச் சுரைக்காயை முதலில் தீருங்கள்.

உப்புமாவைக் கடைசியில் செய்வது

ஒன்றும் தோன்றாதபோது, எட்டேகாலுக்கு, வெங்காயம்கூடச் சரியாக வதங்காமல் கிண்டுவதால்தான் உப்புமாவுக்குக் கெட்ட பெயர். காலையிலேயே “இன்றைக்கு உப்புமா” என்று முடிவு செய்து பாருங்கள், அது வேறு பலகாரம்.

அதிலும் அரிசி உப்புமா. பச்சரிசியும் அதில் கால் பங்குக்கும் குறைவாகத் துவரம்பருப்பும் மிளகு, சீரகத்தோடு மிக்ஸியில் ரவை பதத்துக்கு உடைத்து டப்பாவில் போட்டு வைத்துவிடலாம். ஒரு டம்ளர் ரவைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தேங்காய் எண்ணெயில் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தண்ணீர் கொதித்ததும் தேங்காய்த் துருவல், உப்பு, அப்புறம் ரவை. மூடிச் சின்னத் தீயில் விடுங்கள். வெண்கலப் பானை இருந்தால் அதில் வையுங்கள், அடியில் பிடிக்கும் காந்தலுக்கு வீட்டில் போட்டி வரும். உப்புமா வேகும் நேரத்தில் பக்கத்து அடுப்பில் ஒரு கத்திரிக்காயை எண்ணெய் தடவிச் சுட்டு, தோலை உரித்து மசித்து, புளித்தண்ணீரும் பெருங்காயமும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் கொத்சு. இரண்டும் ஒரே நேரத்தில் இறங்கும்.